கழித்தல்

எரிவாயுவை உறிஞ்சி எடுத்த பிறகு எங்கள் நிலம்
இருமலை அடக்குகிறவன் மாதிரி
எப்போதாவது ஒரு குலுக்கல்.
பிப்ரவரிக் குலுக்கலில்
முகட்டோரம் முப்பத்தோரு ஓடுகள் போயின.
மிச்சத்தையும் நம்பாதே என்று
ஏணியில் நின்றபடியே சொன்னான் ஹில்பிராண்ட்.

லோப்பர்சத்தில் என் வீடு பாதி வீடு.
மறுபாதி வுப்போவுடையது.
நடுவே ஒரு சுவர், மேலே ஒரே கூரை.
அவன் பஸ் ஓட்டுகிறான்.
அதிகாலை நாலரைக்கு அவன் கெட்டில் கொதிப்பது
எனக்குக் கேட்கும்.
என் ராத்திரிகளில் அவனுக்கு என்னவெல்லாம் கேட்கிறதோ,
கேட்டதில்லை.

மாதிரிக்கு இரண்டு ஓடு வைத்துவிட்டுப் போனான் ஹில்பிராண்ட்.
சுட்ட மண் ஒன்று. தட்டினால் கண்ணாடித் தம்ளரின் குரல்.
கான்கிரீட் ஒன்று. தட்டினால்
யார் என்றுகூடக் கேட்காத கதவு.

வுப்போவுக்குக் கான்கிரீட்தான்.
விலை குறைவு, அடுத்த வாரமே வந்துவிடும்,
வெளுத்தால் வெளுக்கட்டும்,
யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்?
எனக்கு மண். ஏன் என்றான்.
நிறம் என்றேன்.
பொய் இல்லை. முழுசும் இல்லை.

கடைக்காரப் பெண் போனில் விளக்கினாள்:
கான்கிரீட் நாற்பது ஐம்பது வருடம்,
மண் எண்பது, கூடவும் வரலாம்.
நீங்கள் எவ்வளவு காலம் அங்கே இருப்பதாக உத்தேசம்?
நான் சிரித்தேன்.
அவளும் சிரித்தாள், பாவம்.

எடையைத்தான் பார்க்க வேண்டும் என்றார்
நிலநடுக்க இன்ஜினியர்.
நனைந்தால் எவ்வளவு கூடும் என்று சொல்லவில்லை.
அதனால் ஒரு ராத்திரி இரண்டையும்
குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன்.
சமையலறைத் தராசு
மூன்று கிலோவுக்கு மேல் எனக்குத் தெரியாது என்றது.
கட்டிலடியிலிருந்து ஆள் தராசை இழுத்தேன்.
நவம்பரில், கடைசி ஊசிக்குப் பிறகு,
தூசு படியட்டும் என்று நானே தள்ளிவிட்டது.

கான்கிரீட்டைத் திருட்டுச் சாமான் மாதிரி
மார்போடு அணைத்து ஏறினேன்.
ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.
தெரிந்த எண்.
செப்டம்பரில் நான் மட்டும் ஏறியபோது
இதே எண்தான்.

ஓட்டை இறக்கி வைத்து மறுபடி ஏறினேன்.
கழிக்க அந்த இரண்டாவது எண் வேண்டுமே.
ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பது.
ஓடு நாலரைக் கிலோ.
நானும் நாலரைக் கிலோ,
எங்கே போய்ச் சேர்ந்தேனோ.

மண் ஓடு மூன்றே கால்தான்.
ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு அது பத்து, இது பதினான்கு.
பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றே.
எடை எதையும் தீர்மானிக்கவில்லை.

வேலியில் முழங்கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான் வுப்போ.
ஓடுகளின் எடையை மட்டும்தான் சொன்னேன்.
"ரெண்டரை மணிக்குத் தண்ணீர் திறந்தாயே, அதற்கா?" என்றான்.
பிறகு, மழைத் தகரத்தைப் பார்த்தபடி,
"மண்ணே போடலாம்."

எனக்குச் சுருக்கென்றது.
இரக்கத்தில் வேய்ந்த கூரைக்கடியில்
எப்படித் தூங்குவது?
கான்கிரீட்தான் என்று பிடித்துக்கொண்டேன்.
மண்தான் என்று அவனும்.
என் வாதங்களை அவனும் அவன் வாதங்களை நானும்
ஒன்பது நாள் மாற்றி மாற்றிச் சொன்னோம்.
ரெண்டு பேரும் ஒரே நாளில்
ஒரே ஓட்டின் பெயரைச் சொல்லுங்கள்,
அதுவரை போன் பண்ணாதீர்கள் என்றான் ஹில்பிராண்ட்.

மண்தான் ஏறியது.
யார் முதலில் விட்டுக்கொடுத்தது என்பதில்
இன்னும் தகராறு இருக்கிறது.

உடைந்தால் மாற்ற இருக்கட்டும் என்று
கொட்டகையில் இருபது ஓடு அடுக்கிப் போனான்.
எண்பது வருடத்துக்கு இருபது.
கான்கிரீட் மாதிரியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
தோட்டக் கதவு காற்றில் அடிக்காமல்
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
நேற்று இருட்டில் அதில் கால் இடித்து
தெருவுக்கே கேட்கத் திட்டினேன்.
அந்தப் பக்கம் ஒரு சன்னல் திறந்தது,
மூடிக்கொண்டது.